மேற்படி நிலம்

அத்தியாயம் 7

ஜேசிபி மண்ணை இரண்டு வாய் கடித்திருந்தது. மூன்றாவது வாய்க்கு மத்தியானம் வரை தடை.

“மத்தியானம் வரைக்கும்தாங்க மேடம்,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் தர்மன். சாலையோரப் புங்கமர நிழலில் பைக்கை நிறுத்தி அதன்மேல் சாய்ந்திருந்தார். “அதுக்கு மேல நிறுத்தி வெச்சா என்மேல புகார் போகும். மாதவராஜ்கிட்ட அக்ரிமென்ட் இருக்குது. நெலத்துக்காரம்மா சின்னக்கா கையெழுத்துப் போட்டது. அதுல தப்பு இருக்குன்னா எதையாச்சும் கொண்டாந்து காட்டுங்க.”

நிர்மலாதேவி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தேரி மலை இறங்கி வந்து பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கால் நீட்டும் இடத்தில், சின்னக்காவின் நிலம் இரண்டு அடுக்காக இருந்தது. சாலையை ஒட்டிய கீழ் அடுக்கில் மாதவராஜின் நர்சரி. பச்சை வலைக்கு அடியில் வரிசையாக மாங்கன்றுகள். அங்கிருந்து கல்லில் வெட்டிய படிகள் ஏறின. மேல் அடுக்கில் புளியமரங்கள், கொஞ்சம் கேழ்வரகு, ஓரத்தில் கல் கட்டிய ஊற்று. அந்த ஊற்றுத் தண்ணீர்தான் குழாய் வழியாக இறங்கிச் சின்னக்காவின் பயிருக்கும், கீழே இருந்த வீடுகளுக்கும் போனது. இப்போது புளியமரங்களுக்கு மேலே ஒரு மஞ்சள் இரும்புக் கை மட்டும் தெரிந்தது.

நாற்றுப் பைகளுக்கு என்று சொல்லி எடுக்கத் தொடங்கிய மண். ஆனால் சாலையில் காலி டிப்பர்கள் நின்றன. நாற்றுப் பையை யாரும் டிப்பரில் நிரப்புவதில்லை.

படிகளின் உச்சியில் நின்றுகொண்டு சின்னக்கா கையை வீசினாள். “மேப்படிக்கு ஏறி வந்து பாருங்கம்மா! எப்பிடிக் குதறிப் போட்டுருக்கறானுங்கன்னு பாருங்க!”

“இத்தனை படி இருக்கறப்ப மேல் படிக்குத்தான் வரணுமாம்,” என்றான் அறிவழகன். “நடுப்படிக்கு வந்தா கேஸ் எடுத்துக்க மாட்டாங்களா மேடம்?”

அறிவழகன், நிர்மலாதேவியின் உதவியாளன். உள்ளூர் கேபிள் டி.வி.யில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவன். ஒரு மரணச் செய்தியை வாசிக்கும்போது சிரித்துவிட்டதால் வேலை போனது. நிர்மலாதேவி முன்பு சேலத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்திரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தர்மபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் துப்பறியும் நிலையம். மாதத்துக்கு ஒருவர் வந்து, காணாமல் போன கணவரைப் பற்றிப் புகார் செய்வார். காணாமல் போன வாக்கியத்தைப் பற்றி யாரும் வந்ததில்லை, சின்னக்கா வரும்வரை.

அவள் படி இறங்கி வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவைக் கொசுவத்தில் செம்மண்.

“ஊத்து இருக்கற நெலத்துல மண்ணெடுக்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாதுன்னு சொல்லி எழுதச் சொன்னனுங்க. புலவரும் எழுதுனாரு. எழுதித் திருப்பிப் படிச்சும் காட்டுனாரு. என் ரெண்டு காதால கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இப்பப் பாத்தா அந்த வார்த்தையக் காணோங்கறாங்க. தாளை மாத்திப்புட்டாங்கம்மா.”

“மண்ணு போனா?” என்றாள் நிர்மலாதேவி.

“மண்ணு போனா ஊத்துக் கண்ணு அடைஞ்சிரும். ஊத்து போனா நாங்க எதுக்கு இங்க?” அவள் கேள்வியைப் போலீஸ்காரரிடமும் கேட்டாள். தர்மன் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். பதில் அங்கே இல்லை.

நிர்மலாதேவி ஒப்பந்தத்தை மறுபடி பிரித்தாள். முத்திரைத்தாளில் தட்டச்சான, பதிவு செய்யாத பதினோரு மாதக் குத்தகை ஒப்பந்தம். பதிவு செய்திருந்தால் அலுவலகத்தில் ஒரு நகல் இருந்திருக்கும். இது இருவர் கையில் மட்டும் இருக்கும் தாள். ஊற்று என்ற சொல் எங்கும் இல்லை. மண் என்ற சொல் வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, நாற்றுப் பைகளுக்கு வேண்டிய மண்ணைக் குத்தகை நிலத்திலேயே எடுத்துக்கொள்ளலாம் என்பது; இரண்டு அடுக்கும் ஒரே பட்டா என்பதால் மேல் அடுக்கும் அதில் அடங்கியது. இன்னொன்று ஐந்தாவது பாரா.

*குத்தகை நிலத்தின் வடக்கே காளியன் என்பவருக்குச் சொந்தமான நிலம் உள்ளது. அதன் வழியாகக் குத்தகைதாரரின் வாகனங்கள் செல்லக் கூடாது. மேற்படி நிலத்தில் மண் எடுக்கவோ மரம் வெட்டவோ குத்தகைதாரருக்கு உரிமை இல்லை.*

“பாத்தீங்களா சார்?” பச்சை வலைக்குள்ளிருந்து மாதவராஜ் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் சாவிக்கொத்து. சாவிக்கொத்து ஓயாமல் சுழன்றது. “தடை இருக்கறது காளியன் நெலத்துக்கு. நான் அங்க கால்கூட வெக்கல. சின்னக்கா, உங்களுக்குக் குத்தகை கரெக்டா வருதுல்ல? அப்புறம் எதுக்கு இந்தம்மாவை எல்லாம் கூட்டிட்டு வந்து…”

“துப்பறியறவங்க,” என்றான் அறிவழகன் உதவியாக.

“துப்பறிஞ்சிட்டு வாங்க. மத்தியானம் வண்டி ஓடும்.”

*

ஒப்பந்தத்தை எழுதியவர் கோவிந்தன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊரில் புலவர் என்றால் அவர்தான். பாப்பிரெட்டிப்பட்டியில் அவர் பத்திரம் எழுதும் அறை பூட்டிக் கிடந்தது. போன் அணைக்கப்பட்டிருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடை ரோசம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“புலவர் இல்லீங்க. விடியாத முன்னயே கெளம்பிட்டாரு. இண்டூரு அவருக்குச் சொந்த ஊரு.”

“திடீர்னா?”

“அது தெரியாதுங்க. நேத்து சாயந்தரம் மாதவராஜ் காரு வந்து நின்னுச்சு. உள்ள ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க.”

நிர்மலாதேவியும் அறிவழகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்று மாலை கார் வருகிறது, இன்று காலை ஜேசிபி வருகிறது, எழுதியவர் போனை அணைத்துவிட்டு ஊரைவிட்டுப் போகிறார். துப்பறியும் நிலையத்தில் மாதக்கணக்கில் ஈ ஓட்டியவர்களுக்கு இதைவிட நல்ல வரிசை கிடைக்காது.

“தாளை மாத்தினவரு தலைமறைவு,” என்றான் அறிவழகன், செய்தி வாசிக்கும் குரலில்.

“வண்டிய எடு.”

பொம்மிடியைத் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. நெடுஞ்சாலையில் ஒரு லாரி குறுக்கே நின்று வழியை அடைத்திருந்தது. அறிவழகன் வண்டியை மண்ணில் இறக்கி, முள்ளில் உரசி, மறுபக்கம் ஏற்றினான். நிர்மலாதேவி பின்னால் உட்கார்ந்து தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். அவள் யோசிக்கும்போது அப்படித்தான். யோசனை ஓடாதபோது தாளம் வேகமாகும். தர்மபுரியைக் கடக்கும்போது அது சாவு மேளத்தின் வேகத்துக்கு வந்திருந்தது.

“மேடம், ஒரு சந்தேகம். தாளை மாத்துறவன் ஊத்துங்கற வார்த்தைய எடுத்தான், சரி. அந்த இடத்துல காளியன் நெலத்துல மண்ணெடுக்க மாட்டேன்னு எதுக்கு எழுதி வெக்கணும்? அடுத்த வூட்டுக்காரன் பொண்டாட்டியக் கட்டிக்க மாட்டேன்னு யாராச்சும் கல்யாணப் பத்திரிகையில போடுவாங்களா?”

தாளம் ஒரு கணம் நின்றது. பிறகு மீண்டும் தொடங்கியது.

*

தலைமறைவானவரைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. இண்டூருக்குள் நுழைந்ததும் ஒரு ஃபிளெக்ஸ் கடை வாசலில் அவர் குரல் கேட்டது. ஊரே கேட்கும்படி.

“பாற்குடம்! பாற்குடம்! எத்தனை தடவை சொல்றது?”

கடைக்காரர் சென்றாயன் கணினிக்கு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். திரையில் அம்மன் படம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ‘மாபெரும் பால்குட ஊர்வலம்’. இன்று ஊரில் அம்மன் திருவிழா. தெருக்கோடியில் பம்பை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா, பொம்பளைங்க தலையில தூக்கிட்டுப் போறது பால்குடம். போன வருசமும் பால்குடம். ஊருக்கெல்லாம் பால்குடம். உங்களுக்கு மட்டும் பாற்குடமா?”

“பால் கூட குடம் சேர்ந்தா லகரம் றகரமாகும். பாற்குடம். பாற்கடல்னு சொல்றீங்களா, பால்கடல்னு சொல்றீங்களா?”

“கடலையே நான் பாத்ததில்லீங்க.”

“மாத்துங்க!”

சென்றாயன் மாற்றினார். திரையில் பாற்குடம் வந்தது. கோவிந்தன் நிமிர்ந்தார். ஒல்லியான உருவம், நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் சிவப்புப் பேனா.

நிர்மலாதேவி யார், எதற்கு வந்தாள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அறிவழகன் முந்திக்கொண்டான். “ஐயா, சின்னக்கா அக்ரிமென்ட்டுல ஒரு தாளை மாத்திட்டீங்களாமே? எந்தக் கடையில மாத்துனீங்க, ரேட் என்ன?”

அவன் அதை நகைச்சுவையாகத்தான் சொன்னான். கோவிந்தனின் முகம் சிவப்புப் பேனாவின் நிறத்துக்கு வந்தது.

“நானா? தாளையா?” அவர் திரும்பி சென்றாயனிடம், “தள்ளுங்க,” என்றார். கணினியில் தன் மின்னஞ்சலைத் திறந்தார். ஒப்பந்தத்தை அச்சடிக்க அனுப்பிய அன்றைய பிரதி, தேதியோடு அங்கே இருந்தது. “வாசி. நீ வாசி. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இந்தப் பேனாவை முறிச்சுப் போட்டுடறேன்.”

அறிவழகன் திரையைப் பார்த்து உரக்க வாசித்தான். நிர்மலாதேவி கையிலிருந்த தாளில் விரல் வைத்து ஒப்பிட்டாள். மேற்கண்ட நில உரிமையாளர். மேற்கண்ட குத்தகைத் தொகை. மேற்கண்ட நாள் முதல். ஐந்தாவது பாரா, காளியன், வாகனங்கள், மேற்படி நிலம், மண், மரம். கடைசிக் கையெழுத்துக்கான இடம்வரை எல்லாம் ஒன்றுதான். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

தாள் மாறவே இல்லை.

நிர்மலாதேவி காலையிலிருந்து துரத்தி வந்த வழி ஒரு சுவரில் போய் முட்டிக்கொண்டது.

“அப்ப மாதவராஜ் நேத்து எதுக்குங்கய்யா உங்களைப் பாக்க வந்தாரு?” என்று கேட்டாள்.

“சந்தேகம் கேக்க வந்தாரு.”

“என்ன சந்தேகம்?”

“இலக்கணச் சந்தேகம். சொல்லி அனுப்பினேன். ஒரு பைசா வாங்கல.” அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “அம்மா, இருபது வருசமா எழுதறேன். மத்தவன் ஒரே பத்திரத்துல மேற்படிம்பான், மேற்சொன்னம்பான், மேற்கண்டம்பான். ஒரு பொருளுக்கு மூணு பேர் வெச்சா அது பத்திரம் இல்ல, பட்டிமன்றம். நான் மேற்கண்டன்னு ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் மேற்கண்டதான். ஒரு பொருளுக்கு ஒரு சொல். வேற சொல் வந்தா வேற பொருள். என்னைப் போயி…” அறிவழகனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அந்தம்மா ஊத்துன்னு சொன்னாங்களா ஐயா?”

“ஊத்துன்னு ஒரு வார்த்தை சொல்லல. சொன்னதை எல்லாம் எழுதியிருக்கேன். படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்கட்டும். நான் இனி அம்மன் வேலை முடியற வரைக்கும் மனுசங்ககிட்டப் பேசறதா இல்ல.”

பம்பை உச்சத்துக்குப் போனது. கோவிந்தன் கூட்டத்துக்குள் இறங்கி நடந்தார். நிர்மலாதேவி பின்னாலேயே ஓடினாள். மஞ்சள் புடவைகளும் பால்குடங்களும் தெருவை அடைத்துவிட்டன. பம்பைச் சத்தத்தில் அவளுடைய ‘ஐயா’ அவளுக்கே கேட்கவில்லை.

*

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை. டீ ஆறிக்கொண்டிருந்தது. நிர்மலாதேவி உட்காரவில்லை. கடைக்கும் வண்டிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள்.

“என் வாய்தான் மேடம்,” என்றான் அறிவழகன். “சும்மா இருந்திருந்தா மனுசன் பேசியிருப்பாரு.”

“உன் வாய் சும்மா இருந்தா உனக்கு எதுக்குச் சம்பளம்?”

“குடுக்கறீங்களா?”

அவள் சிரிக்கவில்லை. வெயில் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு ஜேசிபி டிரைவர் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி வைத்துவிட்டு, இருக்கையில் ஏறி உட்காரத் தயாராக இருப்பான். சின்னக்கா பொய் சொல்லவில்லை. புலவரும் பொய் சொல்லவில்லை. அவள் கேட்டேன் என்கிறாள், அவர் எழுதினேன் என்கிறார். தாளிலோ அது இல்லை.

அறிவழகன் கடைக்காரரிடம், “அண்ணே, பாற்கோவா இருக்கா?” என்றான்.

“என்னது?”

“பால்கோவாண்ணே. புலவரு கடையில வாங்குனா பாற்கோவான்னு கேக்கணும். இல்லைன்னா குடுக்க மாட்டாரு. நல்லவேளை, அவரு பால்காரரா பொறக்கல. பாற்காரர்னு…”

அவன் நிறுத்தினான். நிர்மலாதேவி அப்படியே நின்றுவிட்டாள். விரல்களில் தாளம் இல்லை.

“அறிவு. காலையில சின்னக்கா எங்க நின்னுக்கிட்டு நம்மளைக் கூப்பிட்டாங்க?”

“படி உச்சியில.”

“உச்சிப்படியிலயே நின்னுக்கிட்டு?”

“ஆமா மேடம். அங்க ஏறி வாங்கன்னு…”

“படியைக் காட்டிக் கூப்பிட்டாங்களா, பின்னால கையை வீசிக் கூப்பிட்டாங்களா?”

அறிவழகன் யோசித்தான். “பின்னால.”

அவள் ஒப்பந்தத்தை டீக்கடை மேசையில் விரித்தாள். ஒவ்வொரு பாராவாக விரல் ஓடியது. ஐந்தாவது பாராவில் நின்றது. பிறகு போனை எடுத்துச் சின்னக்காவை அழைத்தாள்.

“அக்கா, ஒரே ஒரு கேள்வி. புலவர்கிட்ட அந்த நெலத்தைப் பத்திச் சொன்னப்ப, என்ன வார்த்தை சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க.” கேட்டாள். கண்களை ஒருமுறை மூடித் திறந்தாள். “வண்டி கிளம்பிடுச்சா? … அவங்களைப் பேச்சுல நிறுத்தி வையுங்க. வந்துட்டே இருக்கேன்.”

“என்ன மேடம் சொன்னாங்க?”

“டீக்குக் காசு குடுத்துட்டு வா. பாற்கோவா வேண்டாம்.”

*

தர்மன் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார். மாதவராஜின் சாவிக்கொத்து வேகமாகச் சுழன்றது. சின்னக்கா டிப்பரின் முன்சக்கரத்துக்கு எதிரே சாலையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பேச்சில் நிறுத்தி வைக்கும் முறை அது.

“கெடைச்சுதா மேடம்?” என்றார் தர்மன். “மாத்தின தாள்?”

“தாள் மாறலைங்க சார். புலவர்கிட்ட இருக்கற பிரதியும் இதுவும் ஒண்ணுதான்.”

மாதவராஜ் சிரித்தார். சின்னக்கா ஏமாற்றத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆனா அவங்க சொன்ன வார்த்தை இதுலயேதான் இருக்குது,” என்றாள் நிர்மலாதேவி. “சார், இதை முதல்லருந்து பாருங்க. மேல சொன்னதைக் குறிக்கணும்னா புலவர் ஒவ்வொரு தடவையும் மேற்கண்டன்னுதான் எழுதறாரு. மேற்கண்ட உரிமையாளர், மேற்கண்ட தொகை, மேற்கண்ட நாள். அஞ்சாவது பாராவுல, ஒரே ஒரு வரியில மட்டும் மேற்படி.”

தர்மன் உதட்டை அசைத்துப் படித்தார். “ரெண்டும் ஒண்ணுதானே?”

“மத்தவங்களுக்கு ஒண்ணு. இவரு ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான் வெப்பாரு. வேற சொல் வந்தா வேற பொருள். அக்கா, உங்க மேல் நெலத்துக்கு வூட்ல என்ன பேரு?”

“மேப்படிங்க,” என்றாள் சின்னக்கா. “எங்க மாமனார் காலத்துலருந்தே மேப்படிதான்.”

“மேல் அடுக்கு நெலம். பேச்சுல மேப்படி. எழுத்துல மேல்படி. ஆனா எழுதினது புலவர். பால்குடத்தையே பாற்குடமாக்கறவரு. மேல்படியைச் சும்மா விடுவாரா? லகரத்தை றகரமாக்கி மேற்படின்னு எழுதிட்டாரு. திருப்பிப் படிச்சப்ப அக்கா காதுல மேப்படின்னுதான் விழுந்துச்சு. சரின்னு கையெழுத்துப் போட்டாங்க. தாளைப் பாத்தவங்க எல்லாம் மேல சொன்ன காளியன் நெலம்னு படிச்சோம். நானும்தான்.”

டிப்பர் டிரைவர்கூட ஜன்னலில் தலையை நீட்டி யோசித்தான்.

“நல்லா இருக்குது கதை,” என்றார் மாதவராஜ். சாவி நின்றிருந்தது. “சார், மேல்படின்னு ஒரு எடமே கெடையாது. பட்டாவுல இருக்கா? இவங்களே இப்பப் புதுசா ஒரு பேர் வெக்கறாங்க. நானும் இத்தன மாசமா வந்து போறேன். அப்படி ஒரு பேரை ஒருத்தர் சொல்லி என் காதுல விழுந்ததில்ல. வக்கீலும் சொல்லிட்டாரு, மேற்படின்னா மேற்சொன்ன. அதாவது காளியன் நெலம்.”

தர்மன் தாடையைத் தடவினார். “மேடம், நீங்க சொல்றது நியாயமாத்தான் படுது. ஆனா அவரு சொல்றதும் தமிழ்தானே. ரெண்டு அர்த்தம் இருக்கறப்ப நான் எந்தப் பக்கம் சாய முடியும்?”

சின்னக்கா எழுந்து நின்றுவிட்டாள். நிர்மலாதேவி தாளை மடித்தாள். தோற்றவள்போல மெதுவாக மடித்தாள்.

“சரிங்க. நீங்க சொல்ற அர்த்தமே இருக்கட்டும். அப்ப காளியன் நெலத்துல மண்ணெடுக்க உங்களுக்கு உரிமை இல்ல. ஒத்துக்கறீங்களா?”

“நூறு தடவ ஒத்துக்கறேன்.”

“காலையில உங்க வண்டி மண்ணெடுத்தது காளியன் நெலத்துல.”

“என்னது!”

“நடுவுல வேலி இல்ல. உங்க டிரைவருக்கு எல்லை எப்படித் தெரியும்? சார், காளியன் நெலத்துல கை வெச்சிருந்தா, இவரு சொல்ற அர்த்தப்படியே வண்டிய நிறுத்தணும்ல?”

“நிறுத்தணும்,” என்றார் தர்மன். இது அவருக்குப் புரிகிற கேள்வி.

“சுத்தப் பொய் சார்!” மாதவராஜ் போனை எடுத்துவிட்டார். “இந்தா, உங்க முன்னாலயே கேக்கறேன்.” ஸ்பீக்கரைப் போட்டு போனை நீட்டிப் பிடித்தார். “டேய் சந்திரா! காலையில எங்கடா மண்ணெடுத்த? காளியன் நெலத்துல கை வெச்சியா?”

மேலேயிருந்து, இஞ்சின் சத்தத்துக்கு நடுவே, குரல் வந்தது. “இல்லீங்ணா! காளியன் நெலம் அந்தப் பக்கமுங்ணா. நீங்க சொன்னாப்பல மேப்படியிலதான் எடுத்தன்.”

மாதவராஜின் கை நீட்டியபடியே நின்றது.

அறிவழகன் போனை நோக்கிக் குனிந்தான். “தம்பி, டவர் சரியில்ல. இன்னொரு தடவ சொல்லுங்க?”

“மேப்படிங்ணா!” சந்திரன் கத்தினான். “மேப்படி! அண்ணன் நேத்தே சொல்லியிருந்தாருல்ல, நாளைக்கு நேரா மேப்படிக்கு வண்டிய ஏத்துன்னு! நான் மேப்படியத் தாண்டவே இல்லீங்ணா!”

மாதவராஜ் அழைப்பைத் துண்டித்தார். அதற்குள் அது மலையில் பட்டு எதிரொலித்துவிட்டதுபோல் இருந்தது.

“ஒருத்தர் சொல்லியும் காதுல விழுந்ததில்லன்னீங்க,” என்றார் தர்மன்.

“அது… டிரைவருங்க ஏதோ பேச்சுவாக்குல…”

“அதான் நேத்து புலவர்கிட்ட இலக்கணச் சந்தேகமா?” என்றாள் நிர்மலாதேவி. “மாங்கன்னு விக்கறவருக்கு இலக்கணத்துல என்ன சந்தேகம் வரும்னு வழியெல்லாம் யோசிச்சேன். மேற்படிங்கறதுக்கு மேற்சொன்னன்னும் பொருள் சொல்லலாமான்னு கேட்டிருப்பீங்க. சொல்லலாம்னு அவரு சொன்ன உடனே வண்டிக்குச் சொல்லிட்டீங்க. தாளை யாரும் மாத்தலைங்க சார். அர்த்தத்தைத்தான் மாத்தினாரு.”

தர்மன் தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டார். இந்த முறை அதற்குள் எதையும் தேடவில்லை. “வண்டிய இறக்கச் சொல்லுங்க. டிப்பரையும் எடுங்க. உங்களுக்கு இந்த வரி புரியலைன்னா கோர்ட்டுல போய்க் கேளுங்க. அது வரைக்கும் மேல ஒரு கூடை மண்ணு நகரக் கூடாது.”

மாதவராஜ் பச்சை வலைக்குள் போனார். சாவிக்கொத்து சுழலவில்லை.

சின்னக்கா இன்னும் நம்பாதவளாக நிர்மலாதேவியின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். “அப்ப என் வார்த்தை இதுலயேதான் இருந்துச்சாம்மா?”

“இருந்துச்சுக்கா. புலவர் அதுக்குப் பட்டு வேட்டி கட்டி உட்கார வெச்சுட்டாரு. அதான் யாருக்கும் அடையாளம் தெரியல.”

“புது அக்ரிமென்ட்ல லகரம் போட்டே எழுதச் சொல்லுங்க மேடம்,” என்றான் அறிவழகன்.

“செத்தாலும் எழுத மாட்டாரு. மேல் அடுக்கு, ஊத்து இருக்கற நெலம்னு நாம சொல்லுவோம். அதுலயாவது அவரு கை வெக்க முடியாம இருக்கட்டும்.” ஒரு கணம் நிறுத்தினாள். “ஊத்தை ஊற்றுன்னு மாத்துவாரு. பரவாயில்ல.”

மேலே இஞ்சின் உறுமியது. ஜேசிபி புளியமரங்களைச் சுற்றி, சரிவுத் தடத்தில் ஆடி ஆடி இறங்கி வந்தது. காலையில் கடித்த இரண்டாவது வாயை அது இன்னும் விழுங்கவில்லை. தூக்கிய பக்கெட்டில் செம்மண் குவிந்திருந்தது, வேரோடு ஒரு கேழ்வரகுத் தூரும்.

சின்னக்கா நேராகத் தடத்தின் நடுவே போய் நின்றாள். சந்திரன் பதறி பிரேக்கை அழுத்தினான்.

“அது எந்த நெலத்து மண்ணுடா?” என்றாள் பக்கெட்டைக் காட்டி.

சந்திரன் வலைக்குள் மாதவராஜைத் தேடினான். பிறகு சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

தர்மன் கையை மேலே நீட்டினார். “என்னை எதுக்குப் பாக்கற? திருப்பு. மேப்படி மண்ணை மேப்படியிலயே கொட்டிட்டு வா.”